கையெழுத்துப் போடும் முன்: இயக்குநர் குழு பற்றி வாசகர் கேள்வி – பதில்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் (விவசாயிகளே உறுப்பினராகிப் பங்கு போட்டு நடத்தும் கம்பெனிகள்; சுருக்கமாக எஃப்.பி.ஓ), நிதி கம்பெனிகள், வங்கிப் பங்குகள் பற்றி டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

எங்கள் உழவர் கம்பெனியின் போர்டில் பத்துப் பேர். அதில் ஒருவர் சொந்தமாக உர, விதைக் கடை வைத்திருக்கிறார். போன தையில் உளுந்து விதை மொத்தமும் அவர் கடையிலேயே வாங்கினார்கள். கேட்டால், “கடனுக்கு வேற யார் தருவா?” என்கிறார்கள். இது தப்பா, ஊர் வழக்கமா?
– உறுப்பினர், நீடாமங்கலம்

இரண்டும்தான். மற்ற கம்பெனிகளில் இயக்குநருக்குச் சொந்த லாபம் உள்ள விஷயம் வந்தால் அதை அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனத்தில் சட்டம் இன்னும் கறார். கம்பெனிச் சட்டம் 2013-இல் 21ஏ அத்தியாயம் என்று ஒன்று 2021 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நிறுவனத்தின் தொழிலோடு மோதும் வியாபாரம் வைத்திருப்பவர் உறுப்பினராகவே சேர முடியாது. சேர்ந்த பிறகு அப்படியொரு வியாபாரம் தொடங்கினாலும் உறுப்பினர் நிலை போய்விடும். உங்கள் கம்பெனி இடுபொருள் கடை நடத்துகிறது என்றால் மோதல் அப்பட்டம். வருஷத்துக்கு ஒருமுறை விதை வாங்கிப் பிரித்துக் கொடுப்பதோடு சரி என்றால் வாதாட இடமுண்டு. அப்போது ஆடிட்டர் ‘ஆர்ட்டிகிள்ஸ்’ என்று சொல்லும் நிறுவன விதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடன் என்ற சமாதானத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நெல் தரிசு உளுந்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ விதை. 300 ஏக்கருக்கு 3,000 கிலோ. வெளியில் ரொக்கத்துக்குக் கிலோ 150 ரூபாய், இவர் கடையில் 165 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கூடுதலாகப் போவது 45,000 ரூபாய். அதே 4,50,000 ரூபாயை வங்கியில் 12 சதவீத வட்டிக்கு இரண்டு மாதம் வாங்கியிருந்தால் வட்டி 9,000 ரூபாய்தான். ஆக, கடனின் நியாயமான விலை 9,000. மீதி 36,000 இயக்குநர் நாற்காலிக்குக் கிடைத்த வருமானம். ஒரு ஏக்கர்காரருக்கு இதில் நஷ்டம் 120 ரூபாய். 120 ரூபாய்க்காக யாரும் கூட்டத்தில் எழுந்து நிற்க மாட்டார்கள். இந்த மாதிரி விஷயங்கள் வருஷக்கணக்காக ஓடுவதற்கு அதுதான் காரணம்.

செய்ய வேண்டியது இது. நிதியாண்டின் முதல் போர்டு கூட்டத்திலேயே ஒவ்வொரு இயக்குநரும் தனக்கு எந்தெந்தக் கம்பெனி, கூட்டு வியாபாரத்தில் பங்கு என்று எம்பிபி-1 படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்; சொந்தக் கடையையும் வீட்டார் பங்கையும் சேர்த்து எழுதச் சொல்வது நல்லது. விதைக் கொள்முதல் அஜெண்டாவுக்கு வரும்போது கடைக்காரர் எழுந்து வெளியே போய்விடுவது நல்லது. அவர் போன நேரமும் வந்த நேரமும் மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பில்) ஏற வேண்டும். மூன்று கொட்டேஷன் வாங்குங்கள், ஆனால் மூன்றும் ஒரே சரக்குக்கு இருக்க வேண்டும்: அதே ரகம் (ஆடுதுறை 3 என்றால் மூன்றிலும் ஆடுதுறை 3), சான்று அட்டை, குறைந்தது 75 சதவீத முளைப்பு, ரொக்க விலை தனி, கடன் விலை தனி. மூன்று கொட்டேஷனும் ஒரே கையெழுத்தில் வந்து சேரும் அதிசயம் நடப்பதுண்டு. ஒவ்வொன்றிலும் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை இணையத்தில் தட்டிப் பார்த்தால் அந்தக் கடை யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கம்பெனிக்கு உளுந்து போட்டோம். மார்க்கெட் விலையைவிடக் கிலோவுக்கு 4 ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு, “மீதி அப்புறம், கம்பெனி வளரட்டும்” என்றார்கள். இரண்டு வருஷம் ஆகிறது. அது எங்கள் பணமா, கம்பெனி பணமா?
– உறுப்பினர், மன்னார்குடி

உங்கள் கேள்வியின் விடை போர்டு தீர்மானத்தின் ஒரு வரியில் இருக்கிறது. சட்டம் மூன்று தனித்தனி வரவுகளைச் சொல்கிறது. ஒன்று, நிறுத்திவைத்த விலை: சரக்கு போட்ட அன்று போர்டு நிர்ணயித்த அளவு மட்டும் கொடுத்து, மீதியைப் பின்னால் பணமாகவோ பொருளாகவோ பங்காகவோ தருவது. இரண்டாவது, பங்குத்தொகைக்கு வரும் வரம்புக்கு உட்பட்ட ஈவு. மூன்றாவது, லாபத்தில் மிஞ்சியதை அவரவர் போட்ட சரக்கின் அளவுக்கேற்பப் பிரிக்கும் போனஸ். இதற்கு உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் ஆண்டுப் பேரவையின் ஒப்புதல் வேண்டும்.

அந்த 4 ரூபாயை ‘நிறுத்திவைத்த விலை’ என்று தீர்மானம் போட்டிருந்தால் அது உங்கள் பணம்; பேலன்ஸ் ஷீட்டில் உறுப்பினருக்குக் கொடுக்க வேண்டிய கடனாக நிற்கும். தீர்மானம் இல்லாமல் சும்மா குறைத்துக் கொடுத்திருந்தால் அது கம்பெனியின் லாபமாகப் போய், அங்கிருந்து கையிருப்பு நிதிக்குள் மறைந்துவிடும். பேலன்ஸ் ஷீட்டின் பொறுப்புகள் பக்கத்தில் உறுப்பினர் பாக்கி என்ற தலைப்பில் உங்கள் மொத்த உளுந்தையும் 4 ரூபாயால் பெருக்கிய தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பேரவையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நிறுத்திவைத்த விலையையோ போனஸையோ உரிய தேதியில் கொடுக்காமல் ஒரு வருஷம் கடந்தால் இயக்குநர்களின் பதவியே காலியாகும் என்பதையும் கூடவே நினைவூட்டலாம்.

இந்த இடத்தை ஆராய்ச்சியாளர்கள் நன்றாகவே தோண்டியிருக்கிறார்கள். அபிஜித் பானர்ஜி, திலீப் முகர்ஜி, கைவன் முன்ஷி, தேபராஜ் ராய் நால்வரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு மகாராஷ்டிரத்தின் ஏறக்குறைய நூறு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை 1971 முதல் 1993 வரை எடுத்துப் பார்த்தது. அங்கே பெரிய விவசாயிக்கும் சின்ன விவசாயிக்கும் டன்னுக்கு ஒரே விலை. பெரியவர் தனக்கு மட்டும் விலையைக் கூட்டிக்கொள்ள முடியாது. அதனால் எல்லோருக்குமே விலையைக் குறைத்து, ஆலையில் தங்கும் உபரியை வேறு வழியில் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வது அவர்களுக்கு லாபமாக இருந்தது. நிலம் வைத்திருப்பதில் ஏற்றத்தாழ்வு கூடிய பகுதிகளில் கரும்பு விலை குறைந்தது, ஆலையின் அரவைத் திறனும் குறைந்தது. கல்லாவில் யாரும் கை வைக்கவில்லை, தணிக்கையில் ஒன்றும் சிக்காது. நடப்பது முழுக்க விலையில்.

ஆகவே “கம்பெனி வளரட்டும்” என்று சொல்லும்போது, எதற்கு வளர்க்கிறார்கள், அந்தப் பணம் யாருக்குக் கடனாகப் போகிறது என்று கேளுங்கள். இயக்குநருக்கோ அவர் உறவினருக்கோ கடன் கொடுக்கப் பேரவையின் ஒப்புதல் கட்டாயம். போர்டே கொடுத்துக்கொள்ள முடியாது. இனிமேல் சரக்கு போடும்போது ரசீதில் மூன்று எண் எழுதி வாங்குங்கள்: அன்றைய ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலை, கையில் கொடுத்த விலை, நிறுத்திவைத்த விலை.

மகளிர் இயக்குநர் வேண்டும் என்று என்னைப் போட்டார்கள். கூட்டத்துக்கு என் கணவர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். கூட்டம் இருப்பதே அன்று சாயங்காலம் போன் வந்தால்தான் தெரியும். பின்னால் எனக்கு ஏதாவது சிக்கல் வருமா?
– இயக்குநர், குத்தாலம்

வரும், அதுவும் உங்களுக்குத்தான் வரும். உங்கள் கணவருக்கு வராது. போர்டு கூட்டத்துக்குப் பிரதிநிதி அனுப்பும் வழி சட்டத்தில் கிடையாது. மாற்று இயக்குநர் என்று ஒன்று உண்டு. அது இயக்குநர் மூன்று மாதத்துக்குக் குறையாமல் இந்தியாவை விட்டு வெளியே இருந்தால் மட்டும். குத்தாலத்திலிருந்து நிறுவன அலுவலகம் வரை போக முடியாததற்கு அது பொருந்தாது.

பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே வேறொருவர் கையெழுத்து இருந்தால் அந்தக் கூட்டத்தின் கோரமே (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) கேள்விக்குள்ளாகும். கோரம் மொத்த இயக்குநரில் மூன்றில் ஒரு பங்கு, எப்படியும் மூன்று பேருக்குக் குறையக்கூடாது. 12 பேர் கொண்ட போர்டுக்கு 4 பேர், 5 பேர் கொண்ட போர்டுக்கு 3 பேர். நான்கு பேர் வந்த கூட்டத்தில் ஒரு கையெழுத்து பொய் என்றால் அன்று எடுத்த கடன் தீர்மானம் செல்லாமல் போகலாம். வங்கி முதலில் அதைத்தான் பார்க்கும்.

அறிவிப்பு ஏழு நாள் முன்னால் வர வேண்டும். அவசரம் என்றால் குறைக்கலாம், ஆனால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, வருஷத்துக்குக் குறைந்தது நான்கு தடவை கட்டாயம். சாயங்காலம் போனில் கூப்பிடுவது எந்தக் கணக்கிலும் சேராது. தலைமைச் செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: “இனி அறிவிப்பும் அஜெண்டாவும் என் வாட்ஸ்அப்புக்கும் வீட்டு முகவரிக்கும் ஏழு நாள் முன்னால் வர வேண்டும்.” நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

பிறகு நேரில் போங்கள். பேச வராவிட்டால் பரவாயில்லை. புரியாத தீர்மானத்துக்கு “எனக்கு உடன்பாடில்லை, மினிட்ஸில் எழுதுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். சட்டத்துக்கு மாறான தீர்மானத்தால் நிறுவனத்துக்கு நஷ்டம் வந்தால் அதை ஆதரித்து ஓட்டுப் போட்ட இயக்குநர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் ஈடு கட்ட வேண்டும். மாறுபட்ட கருத்து பதிவாகியிருந்தால் அந்த வளையத்திலிருந்து வெளியே நிற்கலாம். அடுத்த கூட்டத்தில் முந்தைய மினிட்ஸைப் படிக்கும்போது உங்கள் வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தலையாட்டுங்கள்.

பெயருக்குப் பெண்ணைப் போடுவது உங்கள் ஊரோடு நிற்கவில்லை. பங்குச்சந்தைக் கம்பெனிகளுக்குப் பெண் இயக்குநர் கட்டாயம் என்று 2015 ஏப்ரல் கெடு வந்தபோது பல முதலாளிகள் மனைவியையும் மகளையும் போட்டுக் கணக்கை முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய கம்பெனிகளுக்கு, குடும்பத்தைச் சேராத சுயேச்சையான பெண் இயக்குநர் வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி விதியை இறுக்கியது. அதிகாரம் உண்மையாகவே கைக்கு வந்தால் முடிவு மாறுகிறது என்பதற்கு வேறு துறையில் சான்று இருக்கிறது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் குடிநீருக்கு அதிகம் செலவானதை ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்லோவும் 2004-இல் காட்டினார்கள். அங்கே ஒதுக்கீடு சுழற்சி முறையில் வந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. கம்பெனி போர்டுகளில் அப்படிச் சுத்தமாக ஒப்பிடுவது கஷ்டம்.

தலைவரின் மகனையே சிஇஓவாகப் போட்டிருக்கிறார்கள். அவர் பெயரிலும் பங்கு இருக்கிறது. செல்லுமா?
– உறுப்பினர், பாபநாசம்

பங்கு இருக்கும்வரை செல்லாது. தலைமைச் செயல் அலுவலர் உறுப்பினர் அல்லாதவராகவும் முழுநேர ஊழியராகவும் இருக்க வேண்டும். அவர் பதவிவழி இயக்குநரும்கூட. பங்கை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தால் சட்டத்தின் எழுத்துக்குச் சரியாகிவிடும். அப்பா தலைமையில் மகன் வேலை பார்ப்பதால் வரும் சங்கடம் தீராது. சம்பளத்தைத் தலைவர் இல்லாத அமர்வில் முடிவு செய்து, வேலை மதிப்பீட்டை மூன்று இயக்குநர் கொண்ட துணைக்குழுவிடம் விடலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். மத்திய அரசின் 10,000 எஃப்.பி.ஓ திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு மூன்று வருஷத்துக்கு அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய் கிடைக்கும். நான்காம் வருஷம் சிஇஓ சம்பளத்தைக் கம்பெனியே கட்ட வேண்டும். பல நிறுவனங்கள் அந்த வருஷம்தான் படுத்துவிடுகின்றன. சம்பளத்துக்கு எவ்வளவு விற்றுமுதல் வேண்டும் என்று இரண்டாம் வருஷமே கணக்குப் போடச் சொல்லுங்கள். மாதம் 25,000 என்றால் வருஷம் 3 லட்சம். இடுபொருள் விற்பனையில் 3 சதவீதம் நிற்கிறது என்றால், சம்பளத்துக்கு மட்டும் ஒரு கோடி ரூபாய்க்கு விற்க வேண்டும்.

எங்கள் கம்பெனி இரண்டு வருஷமாக எந்த வியாபாரமும் செய்யவில்லை. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமா?
– இயக்குநர், மயிலாடுதுறை

கட்டாயம். ஏஓசி-4 (கணக்கு), எம்ஜிடி-7 (ஆண்டறிக்கை) இரண்டுக்கும் தாமதக் கட்டணம் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. இரண்டையும் ஒரு வருஷம் விட்டால் 73,000 ரூபாய். மூன்று நிதியாண்டு தொடர்ந்து விட்டால் இயக்குநர்கள் ஐந்து வருஷம் எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. 2017-இல் இப்படி நாடு முழுக்க 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே மூச்சில் தகுதி இழந்தார்கள். தொழில் நடத்தும் உத்தேசமே இல்லையென்றால் பாக்கியைத் தாக்கல் செய்துவிட்டுப் பதிவை நீக்க விண்ணப்பியுங்கள். சும்மா விட்டுவிட்டால் தானாகச் செத்துப்போகும் என்று நினைக்காதீர்கள்.

வளரும் நாடுகளின் இயக்குநர் குழு பற்றிய ஆய்வுகளைப் படிக்கச் சொல்கிறார் வழிகாட்டி. கிடைப்பதெல்லாம் அமெரிக்கா பற்றி. டெல்டாவின் எஃப்.பி.ஓ போர்டுகளை வைத்து ஆய்வு செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது?
– முனைவர் பட்ட மாணவி, தஞ்சாவூர்

முடியும், நல்ல களம். அமெரிக்க ஆய்வுகளின் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: பங்குதாரர்கள் லட்சக்கணக்கில் சிதறிக் கிடக்கிறார்கள், கம்பெனியை நடத்தும் மேலாளரை யார் கட்டுப்படுத்துவது? நம் பக்கத்து நாடுகளில் கேள்வியே வேறு. கிளாசன்ஸ், ஜான்கோவ், லாங் மூவரும் 2000-இல் ஒன்பது கிழக்காசிய நாடுகளின் 2,980 கம்பெனிகளைப் பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பெரும் பங்குதாரர் கையில் இருந்தன. அங்கே மேலாளர் முதலாளியின் ஆள். சின்னப் பங்குதாரரைப் பெரியவரிடமிருந்து யார் காப்பது என்பதுதான் பிரச்சினை.

இந்தியாவுக்கு முதலில் படிக்க வேண்டியது மரியான் பெர்ட்ரான், பராஸ் மேத்தா, தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன் மூவரின் 2002 கட்டுரை. ஒரு தொழிலில் எல்லோருக்கும் நல்ல காலம் வரும்போது, குடும்பத்துக்குக் குறைந்த பங்கு உள்ள குழுமக் கம்பெனியில் அந்த லாபம் முழுதாகத் தெரிவதில்லை; குடும்பத்துக்கு அதிகப் பங்கு உள்ள கம்பெனியில் போய் எட்டிப்பார்க்கிறது. முறை எளிமையானது, அதைத்தான் நீங்கள் கடன் வாங்க வேண்டும்: லாபம் எங்கே வர வேண்டுமோ அங்கே வராமல் வேறெங்கோ வந்தால், நடுவில் ஒரு வாய்க்கால் இருக்கிறது.

சட்டம் மாறினால் பலன் உண்டா என்பதற்கு இரண்டு ஆய்வு வரிசைகளைப் பாருங்கள். தென்கொரியாவில் ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு 2 டிரில்லியன் வோன் சொத்துக்கு மேல் உள்ள கம்பெனிகளுக்கு மட்டும் பாதி இயக்குநர்கள் வெளியார் என்று விதித்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள கம்பெனிகளை ஒப்பிட்டு பிளாக், ஜாங், கிம் எழுதியவை 2006 முதல் கிடைக்கும். இங்கே பங்குச்சந்தைப் பட்டியல் ஒப்பந்தத்தின் 49-ஆம் ஷரத்து (போர்டில் சுயேச்சை இயக்குநர்கள் வேண்டும் என்ற விதி) வரப்போகிறது என்று 1999 மே மாதம் செய்தி வந்தபோது அதற்கு உட்படப் போகும் பெரிய கம்பெனிகளின் பங்குவிலை சின்னவற்றைவிட ஏறியதை பிளாக்கும் விக்ரமாதித்ய கன்னாவும் 2007-இல் காட்டினார்கள். ஆனால் அதே 49-ஆம் ஷரத்தின்படி சுயேச்சை இயக்குநர்கள் இருந்த சத்யம் மென்பொருள் கம்பெனியின் போர்டு 2008 டிசம்பர் 16 அன்று முதலாளி குடும்பத்தின் இரண்டு மேடாஸ் கம்பெனிகளை வாங்க ஒப்புக்கொண்டது. நிறுவன ஆளுகையைப் பாடமாகவே நடத்திய பேராசிரியரும் அந்தப் போர்டில் இருந்தார். முதலீட்டாளர்கள் கொதித்ததால் சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. மூன்று வாரத்தில், 2009 ஜனவரி 7 அன்று, கணக்கே பொய் என்ற வாக்குமூலம் வந்தது. எத்தனை வெளியார் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆய்வு செய்பவர்கள் இதை மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் ஆய்வு. பட்டியலைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலிருந்து எடுங்கள். பதிவு நீக்கப்பட்டவற்றையும் சேர்த்து. உயிரோடிருப்பவற்றை மட்டும் எடுத்தால் எந்த போர்டும் நல்ல போர்டாகவே தெரியும். ஒரு கம்பெனியின் தாக்கல் ஆவணங்களைப் பார்க்க 100 ரூபாய் கட்ட வேண்டும். நிதிக்கு விண்ணப்பிக்கும்போதே இதைக் கணக்கில் சேருங்கள்.

போர்டை அளக்க ஆள் எண்ணிக்கை, படிப்பு, வயது போதாது. அறிவிப்புத் தேதிக்கும் கூட்டத் தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி, தள்ளிவைத்த தீர்மானம் எத்தனை, மாறுபட்ட கருத்து ஒருமுறையாவது பதிவானதா, மொத்தக் கொள்முதலில் இயக்குநர் தொடர்புள்ள கடைகளின் பங்கு என்ன என்று எடுங்கள். மினிட்ஸ் புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டுங்கள். நான்கு கூட்டத்தின் பதிவும் ஒரே மையில், ஒரே சாய்வில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால் அவை ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள் எழுதியவை. அதையும் ஒரு மாறியாகக் குறித்துக்கொள்ளலாம்.

விளைவை அளக்க நெல்லை நம்பாதீர்கள். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் அரசு விலை எல்லோருக்கும் ஒன்று. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் மூட்டை ஏறிவிடும். போர்டு நல்லதோ கெட்டதோ, நெல் விலையில் அது தெரியாது. உளுந்து, பருத்தி, தேங்காய், இடுபொருள் இவற்றில்தான் தெரியும். அதே நாள், அதே தரத்துக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலையை எடுத்து, நிறுவனம் கொடுத்த விலையிலிருந்து கழியுங்கள்.

உங்கள் தேர்வாளர் கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி: நல்ல போர்டால் கம்பெனி நன்றாக இருக்கிறதா, நன்றாக இருக்கும் கம்பெனிக்கு நல்ல ஆட்கள் வருகிறார்களா? இதற்கு ஒரே நேரத்து ஒப்பீடு பதில் சொல்லாது. போர்டு தானாக முடிவு செய்யாத மாற்றத்தைத் தேடுங்கள்: விதிப்படி தலைவர் பதவிக்காலம் முடிந்து ஆள் மாறிய வருஷம், தொடங்கிவைத்த அமைப்பு விலகிய வருஷம். இயக்குநர் பதவிக்காலம் ஒன்று முதல் ஐந்து வருஷம் என்று சட்டம் விட்டிருப்பதால் மாறும் தேதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்; உங்களுக்கு அது வசதி.

சம்பா அறுவடை நேரத்தில் பேட்டிக்குப் போகாதீர்கள், ஆள் கிடைக்காது. பேட்டிக்கு உறுப்பினர்களைத் தேர்ந்து கொடுக்கும்படி தலைவரிடம் கேட்காதீர்கள். உறுப்பினர் பதிவேட்டிலிருந்து நீங்களே குலுக்கி எடுங்கள்.

கும்பகோணத்தில் ஒரு நிதி கம்பெனி டெபாசிட்டுக்கு நல்ல வட்டி சொல்கிறது. போடுமுன் என்ன பார்க்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

முதலில் அது நிதி கம்பெனியாக அறிவிக்கப்பட்டதா, என்டிஹெச்-4 விண்ணப்பம் ஏற்கப்பட்டதா என்று அமைச்சகத் தளத்தில் பாருங்கள். பெயரில் ‘நிதி’ இருப்பது மட்டும் போதாது. நிதி கம்பெனி உறுப்பினரிடம் மட்டும்தான் டெபாசிட் வாங்கலாம், விளம்பரம் செய்து டெபாசிட் கேட்கக்கூடாது; நோட்டீஸ் கையில் கொடுத்தாலே சந்தேகப்படுங்கள். சொந்த நிதி 1 ரூபாய் இருந்தால் 20 ரூபாய் வரை டெபாசிட் வாங்கலாம். டெபாசிட்டில் குறைந்தது 10 சதவீதம் வேறு எதற்கும் ஈடு வைக்காமல் வங்கியிலோ அஞ்சலகத்திலோ கிடக்க வேண்டும். கடன் நகை, வீடு, டெபாசிட் ரசீது போன்ற ஈட்டின் பேரில் மட்டும். ஜாமீன் இல்லாமல் கடன் கொடுப்பதாக அவர்களே பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இயக்குநர் பக்கம் பார்க்க வேண்டியது ஒன்று. நிதி கம்பெனி இயக்குநர் தொடர்ந்து பத்து வருஷம்தான் இருக்கலாம்; பிறகு இரண்டு வருஷம் விட்டால்தான் மறுபடி வரலாம். அந்த இரண்டு வருஷ இடைவெளியில் யார் உட்கார்ந்தார் என்று பாருங்கள். மருமகன் உட்கார்ந்திருந்தால் விதி காகிதத்தில்தான் நடந்திருக்கிறது.

அப்பா வாங்கி வைத்த லட்சுமி விலாஸ் வங்கிப் பங்குக்கு இனி மதிப்பு உண்டா? பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டும் காப்பாற்ற முடியாமல் போனது எப்படி?
– வாசகர், திருவையாறு

மதிப்பு இல்லை. 1926-இல் கரூரில் தொடங்கிய அந்த வங்கி 2020 நவம்பர் 27-இல் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டபோது பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. டெபாசிட்தாரர் பணம் காப்பாற்றப்பட்டது. நட்டத்தைப் பங்குதாரர் தாங்க வேண்டும் என்பதுதான் வரிசை.

ஓட்டு வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2020 செப்டம்பர் பேரவையில் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்கள் தோற்கடித்தார்கள். இந்திய வங்கித் துறையில் அபூர்வம். ஆனால் வாராக்கடன் அதற்கு முன்பே வங்கியின் மூலதனத்தைத் தின்றுவிட்டது. பெரிய தொகைக் கடன்களுக்கு ஒப்புதல் கொடுத்த வருஷங்களில்தான் பேரவையில் கேள்வி கேட்டிருக்க வேண்டும். டெல்டாவில் வங்கிப் பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் ஆண்டறிக்கை வந்ததும் ஈவு எவ்வளவு என்று மட்டும் பார்ப்பார்கள். மொத்த வாராக்கடன் சதவீதம், மூலதனப் போதுமை விகிதம் (கொடுத்த கடனுக்கு எதிரே வங்கியின் சொந்தப் பணம் எவ்வளவு), அந்த வருஷம் விலகிய இயக்குநர்களும் ஆடிட்டரும் சொன்ன காரணம்: இந்த மூன்றையும் ஐந்து வருஷத்துக்கு வரிசையாக எழுதிப் பார்த்தால் போக்கு தெரியும்.

தேங்காய் மதிப்புக்கூட்டலுக்கு ஒரு விஞ்ஞானியை போர்டில் சேர்க்கலாமா? அவருக்குத் தோப்பு கிடையாது.
– தலைவர், பட்டுக்கோட்டை

சேர்க்கலாம். நிபுணர் இயக்குநர்களை போர்டே நியமிக்கலாம், மொத்த இயக்குநரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. பத்துப் பேர் போர்டுக்கு இரண்டு பேர். தலைவர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. அரசு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் என்றால் அவருடைய துறையின் அனுமதிக் கடிதத்தை முதலில் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் விலகல் கடிதம்தான் வரும். கொப்பரை உலர்த்தியா, செக்கா, தேங்காய்ப்பவுடரா என்று எதற்காக அவரை எடுக்கிறீர்கள் என்பதைத் தீர்மானத்தில் எழுதுங்கள். வருஷத்துக்கு நான்கு கூட்டத்துக்கும் வர முடியுமா என்று கேட்டுவிட்டுப் பெயரைச் சேருங்கள். போக்குவரத்துச் செலவும் கூட்டப்படியும் எவ்வளவு என்பதைப் பேரவையில் வைத்து முடிவு செய்யுங்கள்.